வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. சங்கிலியிலிருந்து மீட்டு வந்த மூன்றாவதைச் சேர்க்க முடியுமா?

பசுமலைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். மணி வெள்ளைப் பொமரேனியன், வயதாகிவிட்டது, கண்ணில் புகை படர்ந்திருக்கிறது. கருப்பி தெருவில் பிறந்து குட்டியிலேயே எங்களிடம் வந்த நாட்டு நாய், நாலு வயது. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டு.

மூன்றாவதாகச் செவலை. செக்கானூரணிப் பக்கம் மூடிப்போன ஒரு கோழிப்பண்ணையில் சங்கிலியோடு விட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் சங்கிலி தேய்த்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. பெண் நாய். பல்லைப் பார்த்துவிட்டு இரண்டு வயது இருக்கலாம் என்றார் டாக்டர். நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, கன்னி என்ற நாட்டு இனத்தின் சாயல். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை எல்லாம் ஆகிவிட்டது. மனிதர்களிடம் அத்தனை பாசம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் வீட்டுப்பாடம் எழுதினால் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். மணியை அவள் கண்டுகொள்வதே இல்லை. பிரச்சினை கருப்பியோடுதான்.

முதல் சண்டை வாசலில். மீன்காரம்மா கேட்டைத் தட்டினார், மூன்றும் ஒன்றாக ஓடின, நிலைப்படியில் இடித்துக்கொண்டதும் பிடித்துக்கொண்டார்கள். கருப்பிக்குக் காது கிழிந்து தையல். அடுத்தது அடுப்படி வாசலில், ஈரல் வெந்துகொண்டிருந்த நேரம். விலக்கப் போன அம்மாவின் முன்கையில் பல் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். கடிபட்ட அம்மாவோ, "வாயில்லாச் சீவனை மறுபடி எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?" என்கிறார். நாய் வளர்த்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இவர்கள் சேருவார்களா, மாட்டார்களா?

வாடிப்பட்டித் தோட்டம்

அக்கா, எங்கள் தென்னந்தோப்பில் ஆறு நாய்கள் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி, நாட்டு நாய் எல்லாம் கலந்து. புதிதாக ஒன்று வந்தால் சண்டை வரத்தான் செய்யும். யார் பெரியவர் என்று முடிவானால் அடங்கிவிடும். நீங்கள் நடுவில் போய் விலக்குவதால்தான் அது முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது. மூத்தவள் கருப்பிக்கு முதலில் சோறு வையுங்கள், முதலில் கதவைத் திறந்துவிடுங்கள். செவலை தன் இடத்தைப் புரிந்துகொள்வாள்.

ஒத்தக்கடை அப்பா

சின்னப் பையன் இருக்கிற வீடு. பாட்டி கையில் பட்ட பல் நாளைக்குப் பையன் முகத்தில் படாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? எனக்கும் நாய் உயிர்தான். ஆனாலும் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தப்பாக நினைக்காதீர்கள்.

மாட்டு டாக்டர்

ஊரில் என்னை இப்படித்தான் கூப்பிடுவார்கள், அதையே இங்கும் வைத்துக்கொண்டேன். பார்க்கிறவற்றில் பாதி நாய்கள்தான்.

முதலில் அம்மா. ரத்தம் வந்த கடி, வெறிநாய்க்கடி (ரேபிஸ்) சிகிச்சைக் கணக்கில் மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். போட்டிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி வரும். வீட்டு நாய்தானே என்று நீங்களாக நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, பிரிக்கப் போகும்போது வாங்குகிற கடியையும் மனிதரைக் குறிவைத்து வருகிற கடியையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. சண்டையில் இருக்கிற நாய்க்குத் தன் வாயில் இருப்பது யார் கை என்று தெரியாது. இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடிகளை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார். முதல் படியில் பல் தோலைத் தொடவே தொடாது. இரண்டில் தொடும், துளை விழாது. மூன்றில் ஒரே கடியில் ஒன்று முதல் நாலு துளை விழும். ஆனால் எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழம் போகாது. நாலாம் படியில் அதைவிட ஆழம். கவ்விப் பிடிப்பது, உலுக்குவது எல்லாம் அதில்தான். மனிதரை நாலாம் படியில் கடித்த நாயைக் குழந்தை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா கையில் எத்தனை துளை, எவ்வளவு ஆழம்?

மூன்றாவது வலி. கோபத்தோடு கொண்டுவருகிற நாய்களில் வலியை மறைத்துக்கொண்டிருப்பவை நிறைய. காது, பல், இடுப்பு மூட்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், செவலைக்கு மட்டுமல்ல, கருப்பிக்கும். பண்ணையில் கட்டிக் கிடந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கும் வாய்ப்பு அதிகம். நம் பக்கம் எர்லிகியா, பபீசியா இரண்டும் சாதாரணம். வெளியில் நன்றாகத் தெரியும், உள்ளே உடம்பு நொந்துபோயிருக்கும். ரத்தப் பரிசோதனை ஒன்று போதும்.

கருத்தடை செய்ததால் சண்டை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயத்தாலும் இடநெருக்கடியாலும் வருகிற சண்டைக்கு அது மருந்தில்லை. ஒரே வீட்டு நாய்களில் பெண்ணும் பெண்ணும் மோதுவதுதான் நான் அதிகம் பார்ப்பது, காயமும் அதில்தான் பெரிது.

வாடிப்பட்டித் தம்பி சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. மற்றவர்களும் எழுதட்டும்.

செல்லூர்ப் பாலம்

பல வருடமாக எங்கள் பகுதியில் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். அதில் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு தெருவுக்குப் புதிதாக வருகிற நாய் நேராக நடுத்தெருவுக்கு வரவே வராது. தெரு முனையில், நின்றுகொண்டிருக்கும் லோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கும். மற்றவை குரைத்தால் எழுந்து இன்னும் பத்தடி தள்ளிப் போகும். அவை தூங்குகிற நேரம் பார்த்து வந்து அவை மூத்திரம் பெய்த இடங்களை மோந்துவிட்டுத் திரும்பும். இப்படியே வாரக்கணக்கில் போகும். ஒருநாள் பார்த்தால் நாலு வீடு தள்ளிப் படுத்திருக்கும், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். இதற்குள் பெரிய சண்டை எதுவும் நடந்திருக்காது. ஒதுங்கிப் போக அதற்கு வழி இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அந்த வழி இல்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டால் முதல் நாளே நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தின மாதிரிதான். கருப்பிக்கும் போக இடமில்லை, செவலைக்கும் இல்லை. உங்கள் சண்டைகள் நடந்த இடங்களைப் பாருங்கள் அக்கா. இரண்டுமே நிலைப்படி. இரண்டு நாய்கள் இடிக்காமல் திரும்ப முடியாத அகலம். செவலை நல்லவளா கெட்டவளா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அவளுக்கு விலகிப் போக எங்கே வழி இருக்கிறது என்று பாருங்கள்.

வாடிப்பட்டித் தோட்டம்

செல்லூர் அக்கா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எங்கள் தோப்பு மூன்று ஏக்கர். ஒன்று மோட்டார் ரூமில் கிடக்கும், ஒன்று களத்தில், ஒன்று மாட்டுக்கொட்டகையில். சோற்று நேரம் தவிர ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே வராது. அடங்கிப் போயின என்று நான் நினைத்தது இடம் இருந்ததால் இருக்கலாம், மறுக்கவில்லை. இரண்டு சென்ட் வீட்டுக்கு இது பொருந்தாதுதான். ஆனாலும் மூத்தவளுக்கு முதலில் என்பதை விட மாட்டேன். அவள் வீடு அது.

மாட்டு டாக்டர்

மூத்தவளுக்கு முதலில் வைப்பதில் தப்பில்லை தம்பி. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வைப்பதில்தான் சிக்கல். தனித்தனி அறை, மூடிய கதவு, சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக் கழுவிய பிறகுதான் கதவு திறக்க வேண்டும். எலும்பு, ஈரல் என்றால் கட்டாயம்.

பசுமலை அம்மா ஒரு காரியம் செய்யுங்கள். போனை ஜன்னலில் வைத்து இவர்கள் ஒன்றாக இருக்கும் நேரத்தை வீடியோ எடுங்கள். இருவரையும் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், கூடத்தின் இரண்டு ஓரத்தில். யார் முதலில் விறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அழகர்கோவில் ரோடு

கோவில் பக்கம் விட்டால் பக்தர்கள் சோறு போடுவார்கள், பிழைத்துக்கொள்ளும். இத்தனை கஷ்டம் எதற்கு?

செல்லூர்ப் பாலம்

அப்படி விடப்பட்ட வீட்டு நாய்களை அந்த ரோட்டிலேயே பார்த்திருக்கிறேன் அண்ணே. போகிற ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓடும். அங்கே இருக்கிற கூட்டம் உள்ளே விடாது. பசியிலும் தாகத்திலும் கிடந்து துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெரு நாயையே கருத்தடை முடித்துப் பிடித்த இடத்தில்தான் திரும்ப விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. செவலைக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு தெருவே கிடையாது. அவள் அறிந்தது ஒரு சங்கிலியின் நீளம் மட்டும். இந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

பசுமலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் கேட்டதற்குப் பதில்: அம்மா கையில் இரண்டு துளை, ஆழமில்லை, உடனே வாயை எடுத்துவிட்டாள். இம்யூனோகுளோபுலின் போட்டிருக்கிறார்கள், சீட்டில் இருக்கிறது.

வீடியோ எடுத்தேன். நான் நினைத்ததற்கு நேர்மாறு. தொடங்கியது கருப்பி.

மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. கருப்பி கூடத்து ஓரத்தில் நிற்கிறாள், வாய் திறந்து நாக்குத் தொங்குகிறது. செவலை தண்ணீர்ச் சட்டியை நோக்கி ஓரடி வைக்கிறாள். கருப்பியின் வாய் சட்டென்று மூடுகிறது. வால் நிமிர்ந்து அப்படியே நிற்கிறது. உறுமல் இல்லை, சத்தமே இல்லை. செவலை முகத்தைத் திருப்பி, கண்ணின் ஓரம் வெள்ளை தெரிய, உதட்டை நக்குகிறாள். ஒருமுறை கொட்டாவி விடுகிறாள். கருப்பி கண்ணை எடுக்கவே இல்லை. அந்த இடத்தில் நான் கயிற்றை இழுத்து அழைத்துப் போய்விட்டேன். இத்தனையும் நடக்க இரண்டு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

இரண்டையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். செவலைக்கு எர்லிகியா இருக்கிறது, டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் எழுதியிருக்கிறார். கருப்பிக்குத் தையல் போடாத மறு காதில், உள்ளே சீழ். தொட்டால் கத்துகிறாள். எத்தனை நாளாக இருந்ததோ.

மாட்டு டாக்டர்

அப்படியானால் படம் மாறிவிட்டது. காது வலிக்கிற நாய்க்குப் பக்கத்தில் இன்னொரு தலை வருவதே பயம். நிலைப்படியில் இடிபட்டதும் கடித்திருக்கிறாள். செவலை விலகத்தான் பார்த்திருக்கிறாள். முகம் திருப்புவது, உதடு நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது எல்லாம் "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று சொல்வதுதான்.

இன்னொன்று. இனிமேல் யாராவது உறுமினால் அதட்டாதீர்கள். கருப்பி சத்தமில்லாமல் பாய்கிறாள் என்றால், உறுமலுக்கு எப்போதாவது அடியோ அதட்டலோ வாங்கியிருக்கலாம். உறுமல் இருந்தால் உங்களுக்கு விலக்க நேரம் கிடைக்கும்.

காது ஆறும்வரையும் மாத்திரை முடியும்வரையும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டாம். முழுப் பிரிவு. பதற்றம் உடம்பிலிருந்து இறங்கவே சில நாள் எடுக்கும். இறங்குவதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது என்று சேர்ந்தால் சின்னச் சத்தத்துக்கும் பாய்வார்கள்.

பசுமலைக்காரி

எப்படிப் பிரிப்பது என்று நினைத்தபோது கண்ணில் பட்டது எங்கள் கிரில் கேட். முன் வராந்தாவுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது. மாடிப்படிக் கீழ் இன்னொன்று. பழைய போர்வையைக் கம்பியில் கட்டிவிட்டேன். வாசம் போகும், முகம் தெரியாது. காலையில் செவலை வராந்தா, கருப்பியும் மணியும் கூடம். மதியம் மாற்றி. படுக்கிற சாக்கையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். சேர்ந்து நடக்க வைப்பது எப்போது, எப்படி?

செல்லூர்ப் பாலம்

காது ஆறியதும் தொடங்குங்கள். வீட்டிலும் வேண்டாம், உங்கள் தெருவிலும் வேண்டாம், கருப்பி அதைத் தன்னுடையது என்று வைத்திருப்பாள். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். உங்கள் பக்கம் தென்கால் கண்மாய்க்கரை இருக்கிறதே, அகலமும் தூரமும் கிடைக்கும். கரையில் திரிகிற நாய்கள் இல்லாத பகுதியாக முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாய்க்கு ஒருவர் வேண்டும். ஒரு பஸ் நீளத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, இரண்டு பேரும் ஒரே திசையில் நடங்கள். எதிரெதிராக வரவே கூடாது, நேருக்கு நேர் பார்ப்பது நாய்க்குச் சவால். கருப்பி முன்னால், செவலை பின்னால். கருப்பி மோந்த இடத்தைச் செவலை மோந்துகொண்டு வருவாள். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். கயிறு தொய்வாக இருக்கட்டும். நீங்கள் பயந்து இறுக்கினால் அது கழுத்து வழியே அவளுக்கும் போய்விடும். செவலைக்குக் கழுத்தில் பெல்ட்டே வேண்டாம், அந்தத் தழும்புக்கு மார்பில் மாட்டுகிற ஹார்னஸ்தான் சரி. இருவரும் நிலத்தை மோந்துகொண்டு, வால் தளர்ந்து நடந்தால் மறுமுறை கொஞ்சம் நெருங்கலாம். வாய் மூடி வால் நின்றால் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள். நெருங்க வேண்டும் என்ற அவசரம் நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை.

வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

ஒத்தக்கடை அப்பா

நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் இவ்வளவு செய்கிறவர் கையில் இருப்பது அந்த நாய்க்கு நல்லதுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். மறுபடி பிடித்துக்கொண்டால் எப்படி விலக்குவது? பையனுக்கு என்ன சொல்லித் தருவது?

மாட்டு டாக்டர்

நல்ல கேள்வி. பையனுக்கு ஒரே பாடம்: சண்டை என்றால் கத்தக் கூடாது, ஓடக் கூடாது, அருகிலிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. பெரியவர் இல்லாமல் பையனையும் நாயையும் தனியே விடக் கூடாது. பாசமான நாய் என்பதற்காக இதில் சலுகை இல்லை.

பெரியவர்களுக்கு: தலைப் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது, பெல்ட்டைப் பிடிக்கவும் கூடாது. அம்மாவுக்குக் கடி விழுந்தது அங்கேதான் இருக்கும். வாளித் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றுங்கள். பலகையோ, பிளாஸ்டிக் நாற்காலியோ நடுவில் இறக்குங்கள். அதற்கும் விடவில்லை என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களை, தொடையின் மேற்பகுதியில் பிடித்துத் தூக்கிப் பின்னால் நடந்து விலக வேண்டும். ஒருவர் மட்டும் ஒரு நாயை இழுக்கக் கூடாது, பிடியில் இருக்கிற நாய்க்குச் சதை கிழியும். விலக்கியதும் அன்றைக்கு முழுக்கத் தனித்தனி.

கடிக்காமல் இருக்க வாய்க்கூடு மாட்டுவதையும் இப்போதே பழக்குங்கள். துணியாலும் தோலாலும் வாயைக் கட்டுகிற வகை வேண்டவே வேண்டாம். நாய் வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை ஆற்றும், மதுரை வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

வாடிப்பட்டித் தோட்டம்

கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்க மாட்டுவோமே வாய்க்கூடு, அது மாதிரி இருக்க வேண்டும் அக்கா. தண்ணீர் குடிக்கும், இளைக்கும், கடிக்க மட்டும் முடியாது. உள்ளே ஈரல் துண்டு வைத்து நீட்டுங்கள், தானாக மூஞ்சியை விட்டுக்கொள்ளும். எங்கள் கன்னி ஒன்றுக்கு அப்படித்தான் பழக்கினேன்.

பசுமலைக்காரி

நிறைய பேர் தனிமடலில் கேட்டதால் இப்போதைய நிலவரம்.

கருப்பியின் காது ஆறிவிட்டது. செவலை எடை கூடியிருக்கிறாள், ரோமம் மினுமினுக்கிறது. கண்மாய்க்கரையில் ஒரு ஆள் தூரம் இடைவெளியில் நடக்கிறார்கள். போர்வையை எடுத்துவிட்டேன், கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுக்கிறார்கள். கூடத்தில் கயிறோடு ஒன்றாக இருக்கிறார்கள், நடுவில் சோபா. மீன்காரம்மாவிடம் கேட்டைத் தட்ட வேண்டாம், போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சலிக்காமல் செய்கிறார் அவர்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் புதிதாக எதுவும் முயலவில்லை. மூன்றையும் மூன்று அறையில், ஜன்னல் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டோம். வெடிச்சத்தத்தில் கருப்பி நடுங்கிக்கொண்டிருந்தாள், அந்த நிலையில் செவலையைப் பார்த்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அவர்கள் தோழிகள் ஆகவில்லை. ஆவார்கள் என்று நான் காத்திருக்கவும் இல்லை. ஆள் இல்லாதபோது கிரில் கேட் பூட்டியே இருக்கும், அது அவர்கள் ஆயுசுக்கும் அப்படித்தான். கணவரிடம் இதைச் சொன்னேன். ஒரு கதவைப் பூட்டித் திறப்பதுதான் செலவு என்றால் வைத்துக்கொள்ளலாம் என்றார். செவலை எங்கும் போகவில்லை.

ஒத்தக்கடை அப்பா

சந்தோஷம். உண்மையாகவே.

திருமங்கலம் வாசகி

இழை முழுக்கப் படித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெண் நாய்கள், ஒற்றைக் கூடம், உள்கதவு கிடையாது. தெருவில் ஒரு பெண் குட்டி அடிபட்டுக் கிடக்கிறது, எடுத்து வரலாமா?

செல்லூர்ப் பாலம்

குட்டியை இன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள், அதில் யோசனை வேண்டாம். ஆனால் அங்கிருந்து நேராக வீட்டுக்குள் வேண்டாம். குட்டிக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி நாய்களுக்குள் பரவும் தொற்றுநோய் இருந்தால் உங்கள் இரண்டுக்கும் ஆபத்து. மொட்டை மாடியிலோ பக்கத்து வீட்டிலோ இரண்டு வாரம் தனியே வைக்க இடம் கிடைக்குமா பாருங்கள். உங்கள் இரண்டுக்கும் தடுப்பூசி எப்போது போட்டது, வயது என்ன, இதற்கு முன் தங்களுக்குள் சண்டை போட்டிருக்கின்றனவா என்று எழுதுங்கள். ஒற்றைக் கூடத்தில் மூன்று பெண் நாய்கள் என்றால், குட்டி தேறியதும் வேறு வீடு பார்ப்பதையும் சேர்த்தே இப்போதே யோசிக்க வேண்டும். விசாரிக்க நானும் உதவுகிறேன்.

மாட்டு டாக்டர்

கால் உடைந்திருந்தால் தூக்கும்போது அட்டைப்பெட்டியிலோ பலகையிலோ கிடத்தித் தூக்குங்கள். வலியில் கடிக்கும், கையில் தடிமனான துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.